அந்த வாடை வண்டியுடையது

தம்பி,

வியாழக்கிழமை அந்த வண்டிக்கு முன்பணம் கொடுக்காதே. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மீதியைப் படிக்காமல் மடித்து வைத்தாலும் இந்த ஒரு வரி உன்னிடம் இருக்கட்டும். வெள்ளை நிறம், ஏழு இருக்கை, ஐந்து வருடம்தான் ஓடியது, உன் மனைவிக்குப் பிடித்துவிட்டது, குழந்தைகள் இருவரும் யாருக்கு எந்த ஜன்னல் என்று பங்கு பிரித்துவிட்டார்கள். எல்லாம் தெரியும். கொடுக்காதே.

குருசுக்குப்பத்துக்கும் கருவடிக்குப்பத்துக்கும் நடுவில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நடந்தே வரலாம். வந்தால் நீ நாற்காலியை இழுத்துப் போடுவாய். "உக்காரும்மா, முட்டி வலி எப்படி இருக்கு?" என்பாய். அதற்குப் பிறகு நான் சொல்ல வந்ததைச் சொல்ல மாட்டேன். இருபத்தாறு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. உன் அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது, அவரிடமும் அப்படித்தான் சொல்லாமல் விட்டேன். எழுதும்போது எதிரில் முகம் இல்லை. கோழைத்தனம்தான். இந்த ஒரு தடவை அது உதவட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதலியார்பேட்டையில் பழைய வண்டிகள் விற்கும் அந்த இடத்துக்கு நாம் ஆறு பேரும் போனோம். நீ, உன் மனைவி, குழந்தைகள், உன் மாமியார், நான். வாங்குவதற்கு முன்னால் எல்லோரும் ஒருமுறை ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றாய். நல்ல யோசனை. தரகர் கதவைத் தள்ளித் திறந்தார். "டாக்டர் வீட்டு வண்டி சார். வீடு, கிளினிக், திரும்ப வீடு. அவ்ளோதான் ஓட்டம்" என்றார். நான் முன் இருக்கையில் உட்கார்ந்தேன். பாப்பா கடைசி இருக்கையில் ஏறி நின்று குதித்தாள். ஐந்து வயது. புது சீட் உறை, நன்றாகத் துள்ளியது. அப்போது நீ கத்தினாய். நீ கத்தி நான் கேட்டதே இல்லை. "உக்காருடி! அப்பா இப்பிடித்தான் நின்னேன். அத்த கை எப்பிடி இருக்குன்னு பாத்திருக்க இல்ல? என்னாலதான் ஆச்சு. உக்காரு மொதல்ல!" பாப்பா பொத்தென்று உட்கார்ந்தாள். அவள் கண் உன் மேலேயே இருந்தது, உன்னை முதல்முறையாகப் பார்ப்பதுபோல. தரகர் சமாளித்தார்: "இந்த வயசுல குதிக்காம நம்ம வயசுலயா சார் குதிக்கப் போவுது?" உன் மனைவி உன் தோளைத் தொட்டாள். நான் முன் இருக்கையில் அப்படியே இருந்தேன். கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு.

உன்னால் ஆகவில்லை. என்னால் ஆனது.

அந்தப் பழைய வேன் உனக்கு நினைவிருக்கும். வெளிர் நீலம், எட்டு சீட். அதற்கு முன்னால் அப்பாவின் ஸ்கூட்டரில் நாம் நான்கு பேர். நீ முன்னால் நின்றுகொண்டு, உன் தங்கை என் மடியில். ஒரு மழை நாளில் சைலன்சரில் பட்டு உன் காலில் தோல் உரிந்தது. வேன் வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இது பாதி உண்மை. மறு பாதி இது: எங்கள் தெருவில் எம்.ஏ. படித்த முதல் பெண் நான். தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். பள்ளிக்கூட வாசலில் ஒரு வேனிலிருந்து இறங்கி, கதவைத் தள்ளிச் சாத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்பாவுக்கு ஐஸ் பேக்டரியில் வேலை. "வேன் வாங்கினா காதுகுத்து கல்யாணம்னு தெருவே ஏறிக்கும். பரவால்லியா டீச்சர்?" என்று கேட்டார். என்னை டீச்சர் என்று கூப்பிட்டது கிண்டலா மரியாதையா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்த வேனைக் காட்டிய அன்றைய தரகர் வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "சொல்தா வீட்டு வண்டி அக்கா." இந்த ஊரில் வளர்ந்த உனக்கு விளக்க வேண்டாம். உன் குழந்தைகளுக்கு வேண்டியிருக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷனோடு திரும்பியவரை இங்கே சொல்தா என்பார்கள். அந்த வீட்டில் ஜன்னலுக்கு லேஸ் திரை இருக்கும். பாதி வருடம் அவர்கள் பிரான்சில் பிள்ளைகளோடு இருப்பார்கள். சொல்தா வீட்டுப் பொருள் என்று சொன்னால் நம் ஊரில் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. பீரோவோ, தையல் மிஷினோ, வண்டியோ. அந்த வார்த்தையே ஒரு சான்றிதழ். நாங்களும் அப்படித்தான் போனோம். அந்த வீட்டு அம்மாள் எங்களை உள்ளே கூப்பிட்டு எலுமிச்சம்பழ ஜூஸ் கொடுத்தார். நல்ல மனுஷி. வெயில் என்று சொல்லி எனக்குப் பின்னால் இருந்த ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ஜன்னலைத் திறந்தது வெயிலுக்காகத்தான். இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு வேறு மாதிரி பட்டது. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது டவுனிலிருந்து காலாப்பட்டுக்குப் பஸ். என் பக்கத்தில் உட்காரும் பெண் தினமும் ஜன்னலைத் திறப்பாள். மழையானாலும் திறப்பாள். ஒருநாள் பின்னாலிருந்து ஒருத்தி, "ஏய், குப்பத்துக் காத்து வருதா?" என்று கேட்க, பஸ் சிரித்தது. அதே வாரம் வகுப்பில் நெய்தல் திணை நடந்தது. பாட்டில் மீனவப் பெண்ணின் உடம்பில் புலவு நாற்றம் வந்தபோது பேராசிரியர் கண்ணை மூடி ரசித்தார். வகுப்பும் ரசித்தது. நான் நோட்டில் பொருள் எழுதிக்கொண்டேன். புலவு: மீன் வாடை. அன்றிலிருந்து கைப்பையில் பவுடர் டப்பா இல்லாமல் நான் வெளியே போனதில்லை. உனக்கு அது ஒரு கிண்டல். "அம்மா பையில உலகத்துல உள்ள பவுடரெல்லாம் இருக்கு" என்பாய்.

அந்த வேனுக்குள் ஏறினேன். மீன் வாடை. லேசாக, சென்ட்டுக்கு அடியில். தெளிவாக அடித்தது தம்பி. தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். அப்பாவுக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க மீன் பெட்டிகளுக்கு நடுவில் நிற்பவர், அவர் மூக்குக்கு அது வெறும் காற்று. எனக்குத் தெரிந்தது. நான் நினைத்தது ஒன்றுதான்: இது என் புடவை. சொல்தா வீட்டு வண்டியில் மீன் வாடை எப்படி வரும்? நான்தான் கொண்டு வந்திருக்கிறேன். அந்த அம்மாள் ஜன்னலைத் திறந்ததும் இதற்குத்தான். சட்டென்று கீழே இறங்கிவிட்டேன். அப்பா குனிந்து, "தரை மேட்ட கொஞ்சம் தூக்கிப் பாக்கட்டா?" என்று கேட்டார். ஐஸும் உப்பும் இரும்பை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா! தூக்கியிருந்தால் கண்டுபிடித்திருப்பார். நான் அவர் கையைப் பிடித்தேன். "வேணாங்க. மானத்த வாங்காதீங்க. அவங்க வீட்டு வண்டிய போயி நோண்டிக்கினு." அவர் கையை எடுத்துக்கொண்டார். "சரி டீச்சர்" என்றார்.

எங்கள் தெருவில் வேறு யார் போயிருந்தாலும், மீன் வாடையை மீன் வாடை என்று சொல்லியிருப்பார்கள். சத்தமாக. மீனோடு பழகாத முதலியார்பேட்டைக்காரர் போயிருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பியிருப்பார். அந்த வண்டியின் முன் வாய் மூடி நிற்கக்கூடிய ஆள், மீனவக் குப்பத்தில் பிறந்து அதை மறைக்கப் படித்த ஒருத்திதான். அவள்தான் போனாள்.

நான்கு மாதம் ஓட்டினோம். உறவில் ஒரு காதுகுத்து, மரக்காணம் போகும் சாலை, காலை பத்து மணி. ஆடு குறுக்கே வந்தது. அப்பா பிரேக் போட்டார். பெரிய பிரேக்கூட இல்லை, ஆடு ஓடிவிட்டது. பின்னால் டமார் என்று சத்தம். நீயும் உன் தங்கையும் இருந்த இருக்கை அப்படியே தரையைப் பிய்த்துக்கொண்டு முன்னால் வந்தது. நீ முன் இருக்கையின் முதுகில் மோதி விழுந்தாய், உதடு கிழிந்தது. இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் அவளுடைய இடது கை. நான்கு வயது. நான் பின்னால் தாவி அவளை எடுத்தபோது கீழே பார்த்தேன். மேட் கிழிந்த இடத்தில் ஓட்டை. ஓட்டை வழியாகத் தார் சாலை தெரிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா கேட்டார். "சீட்டு எப்பிடிடி கழலும்? நான் சும்மாதான பிரேக்க மிதிச்சேன்." எனக்கு அந்த ஓட்டை தெரியும். அந்த வாடை தெரியும். அவர் கையை நான் பிடித்து நிறுத்தியது தெரியும். மூன்றும் சேர்ந்து ஒரே நொடியில் புரிந்தது. நான் உன்னைக் காட்டினேன். "இவன்தான். எழுந்து நின்னு குதிச்சுக்கினே வந்தான்." நீ சுவரில் சாய்ந்து, உதட்டில் பஞ்சை வைத்துக்கொண்டு நின்றாய். அப்பா உன்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான் குறுக்கே விழுந்து உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் உன்னைப் பார்த்தார், அவ்வளவுதான். நீ பஞ்சை எடுத்துவிட்டு, "ஆமாப்பா. நான்தான் நின்னேன்" என்றாய்.

நீ அதை எனக்குப் பயந்து சொல்லவில்லை. என்னை நம்பிச் சொன்னாய். அம்மா சொன்னால் அது நடந்தது என்றுதான் பொருள்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மேட்டை உரித்துக் காட்டினார். "அக்கா, இது மீன் வண்டி. எறா பெட்டி ஏத்தியிருக்கானுங்க. ஐஸ் கரைஞ்ச உப்புத் தண்ணி இறங்கி தரைய அப்பளமா ஆக்கி வச்சிருக்கு. யானைய உக்கார வச்சா கூட நல்ல தரையில போல்ட்டு புடுங்காது. புள்ள குதிச்சா புடுங்குமா?" வீட்டுக்காரர்கள் பிரான்சில் இருந்த மாதங்களில் டிரைவர் வண்டியை இறால் ஏற்ற வாடகைக்கு விட்டிருக்கிறான் என்று பின்னால் தெரிந்தது. அந்த அம்மாளுக்கே தெரியாது. மெக்கானிக்கிடம் நான் சொன்னது: "இத எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லாதீங்க. அவரு மனசு ஒடிஞ்சுடும்." யாருடைய மனது என்று அவருக்கு விளங்கியிருக்கும். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டோம். தங்கையின் முழங்கை நிமிரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பொய்க்குப் பழக்கம் வேண்டியதில்லை, நாள் போனால் போதும்.

நீ என்ன செய்தாய் என்று சொல்கிறேன், உனக்குத் தெரியாததுபோல. நீ பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அவளுடைய பையையும் உன் பையையும் நீயே சுமந்தாய். பம்பரம், கிரிக்கெட், கடலில் குளியல், அவளால் முடியாத எதையும் அவள் பார்க்க நீ செய்யவில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆகாமல் எனக்கு வேண்டாம் என்று மூன்று வருடம் நின்றாய். ஊர் உன்னைப் புகழ்ந்தது. "அண்ணன்னா இவன்தான் அண்ணன்." அந்தப் புகழ்ச்சியை நான் காது குளிரக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு தாய் தன் மகனின் நல்ல குணத்தைக் கண்டு பயப்பட முடியுமா? முடியும். நீ தங்கைக்கு ஏதாவது செய்யும்போதெல்லாம் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அந்த வெள்ளை வண்டியிலும் வாடை இருந்தது. ஏசி துவாரத்தில் இரண்டு, கண்ணாடியில் ஒன்று, மூன்று வாசனை டப்பாக்கள் தொங்கியதைப் பார்த்தாய். அதற்கு அடியில் வேறொன்று. சம்பந்தியம்மா என் பின்னால் உட்கார்ந்தவர் முந்தானையால் மூக்கை மூடினார். நான் என்ன செய்தேன்? இந்த வயதில், பேரன் பேத்தி எடுத்த பிறகு, என் புடவைத் தலைப்பை மடியில் சுருட்டிக்கொண்டேன். என் வாடை என்று நினைத்தேன். மறுபடியும். நீ கத்தியதும் அப்போதுதான். அன்றைக்குப் போலவே வாயை மூடிக்கொண்டு வீடு வந்தேன். புடவையை மாற்றும்போது அதை முகத்தில் வைத்து முகர்ந்தேன். சோப்புத்தூள் மணம். வேறொன்றுமில்லை. சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். பாவம், அவர் பதறிப்போனார். "ஐயோ, உங்கள நெனச்சு மூடல சம்பந்தி. அந்த வண்டி எங்க வீட்டுக் கழனியில சேத்து வெள்ளம் வடிஞ்ச மாதிரி நாறுச்சு. மாப்ள ஆசப்பட்டு வாங்குறாரு, நான் எப்பிடி வாயத் திறக்குறது?" பார், இரண்டு கிழவிகள், இரண்டு மூக்கு, இரண்டு மௌனம்.

திங்கட்கிழமை பஸ் பிடித்து நான் தனியாக அங்கே போனேன். தரகர், "என்ன மேடம், தனியா வந்துட்டீங்க? லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார். கடைசி இருக்கையின் பெல்ட்டை இழுத்தேன். பாதிவரை எல்லோரும் இழுப்பார்கள், அதுவரை துடைத்திருந்தார்கள். நான் இதற்குமேல் வராது என்னும்வரை இழுத்தேன். கடைசி ஒரு முழத்தில் காய்ந்த சேற்றின் கோடு, குறுக்கே நேராக. ஸ்டெப்னி டயரைத் தூக்கச் சொன்னேன். அதன் கீழே பள்ளத்தில் வண்டல். இருக்கை போல்ட்டுகளில் துரு. ஐந்து வருட வண்டிக்கு, டாக்டர் வீட்டு வண்டிக்கு. "வெள்ளத்துல முழுகின வண்டி" என்றேன். "ஏசி போட்டா வாடை போயிடும் மேடம்" என்றார். அப்புறம் தலையைச் சொறிந்தார். "மூக்கு ரொம்பக் கூர்மை மேடத்துக்கு." "குருசுக்குப்பத்து மூக்கு" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தையை ஒரு அந்நியரிடம் சத்தமாகச் சொன்னேன்.

நம் ஊர் நம்பர் பிளேட் இருக்கிறது என்று நீ நம்பினாய். வரி குறைவு என்று எங்கெங்கிருந்தோ வந்து இங்கே பதிவு செய்கிறார்கள். வண்டி எந்த ஊரில் ஓடியது, எந்தத் தண்ணீரில் நின்றது என்று பிளேட் சொல்லாது. சர்வீஸ் சென்டரில் அதன் பழைய பதிவைக் கேள், இன்சூரன்ஸில் என்ன க்ளெய்ம் வாங்கினார்கள் என்று கேள். அடுத்த வண்டியைத் தரகர் சொல்லும் மெக்கானிக்கிடம் காட்டாதே, உன் ஆளிடம் காட்டு, மேலே தூக்கி அடியைப் பார்க்கச் சொல். மேட்டைத் தூக்கு. யார் கையைப் பிடித்தாலும் தூக்கு. கடைசி வரிசையில் மூன்று பேருக்கும் பெல்ட் வேண்டும், தலைக்கு முட்டு வேண்டும். பெரும்பாலும் கடைசி வரிசையில்தான் குழந்தைகளை ஏற்றுகிறோம், அங்கேதான் குறைவாகச் செய்து வைக்கிறார்கள். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று பொருள். விபத்துச் சோதனையில் அந்த மாடல் எத்தனை நட்சத்திரம் வாங்கியது என்று பார்த்துவிட்டு நிறத்தைப் பார். நல்லது கையில் இருக்கும் பணத்துக்கு வரவில்லை என்றால் இன்னும் ஆறு மாதம் பொறு. ஆட்டோவில் போகலாம். வண்டி யார் வீட்டுடையது என்று மட்டும் கேட்காதே. அதைக் கேட்டுத்தான் நான் ஏமாந்தேன். இல்லை. ஏமாந்தேன் என்பதும் சாக்குதான்.

நேற்று மதியம் கடலூருக்குப் போன் செய்து உன் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் இடைவேளை, பின்னால் பிள்ளைகள் சத்தம். நான் சொல்லி முடித்தேன். பிறகு கேட்டாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லடி."

"அப்ப எங்கிட்ட எதுக்கு மொதல்ல சொல்ற? எனக்குக் கை மட்டும்தாம்மா போச்சு."

வைத்துவிட்டாள். இன்றைக்கு இன்னும் போன் எடுக்கவில்லை.

நீயும் எடுக்க வேண்டாம், வேண்டாம் என்று தோன்றினால். உடனே மன்னித்துவிடாதே. உனக்கு அது சுலபமாக வரும், அதுவும் என்னால் வந்த பழக்கம்தான். கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள். பாப்பாவை வண்டியில் உட்காரச் சொல், பெல்ட் போடச் சொல், அதில் விடாதே. காரணத்தை மட்டும் மாற்றிச் சொல். நீ நிற்கவில்லை என்று சொல்ல வேண்டாம், பொய் போதும். நின்றாய். நான் திரும்பிப் பார்த்தேன், அதனால் தெரியும். நீ குதிக்கவில்லை. வலது பக்கம் சவுக்குத் தோப்பு முடிந்து, திடீரென்று தண்ணீர் தெரிந்தது. ஏழு வயதுப் பையன் ஒருவன் கடலைப் பார்க்க எழுந்து நின்றான். அதற்கு மேல் அவன் ஒன்றும் செய்யவில்லை.

அம்மா